விதைப் பக்கற்றில் 80 பாகை: எந்த 80?

கேள்வி (அக்கரைப்பற்று வாசகி)

அமெரிக்காவிலிருக்கிற மச்சாள் விதைப் பக்கற்றுகள் அனுப்பியிருக்கிறா. கொச்சிக்காய்க்கு மண் 80 முதல் 85 பாகை, சலாதுக்கு (லெட்டூஸ் இலைக்கு) 60 முதல் 70 என்று போட்டிருக்கிறது. போனில் மாற்றினால் 26.7, 29.4, 15.6, 21.1 என்று வருகிறது. எங்கள் சுவர் வெப்பமானி 31 காட்டுகிறது. எதை நம்புவது? கூட வந்த கையேட்டில் ஓர்க்கிட்டுக்கு இரவு பகலை விட 10 பாகை குறைய வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த 10ஐப் போட்டால் போன் −12.2 என்கிறது. அக்கரைப்பற்றில் மைனஸ் 12க்கு நான் எங்கே போவேன்?

பெப்ரவரி 8

தங்கச்சி, பக்கற்றிலும் கையேட்டிலும் உள்ள பாகை பாரன்ஹீட், உங்கள் சுவரில் உள்ளது செல்சியஸ். முதலில் அந்த மைனஸ் 12ஐ ஓரமாக வையுங்கள். போன் பிழையாகக் கணக்குப் பார்க்கவில்லை. 10 பாகை பாரன்ஹீட் என்ற குளிரைக் கேட்டீர்கள், அது −12.2 செல்சியஸ் என்று சொல்லிவிட்டது. கையேடு பேசுவதோ பகலுக்கும் இரவுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை. வித்தியாசத்தை மாற்றும்போது 32ஐத் தொடவே கூடாது. பாரன்ஹீட்டில் 9 படி என்றால் செல்சியஸில் 5 படி, அவ்வளவுதான் உறவு. ஆகவே 10 படி இறக்கம் என்பது ஐந்தரைப் படி. பகல் 31 என்றால் இரவு 25, 26. மாசி மாதத்து அக்கரைப்பற்று அதைச் சும்மாவே தந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

32 எங்கிருந்து வருகிறது என்றால், பனிக்கட்டி உருகுகிற இடத்துக்குச் செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. தொடங்கும் இடம் வேறு, படியின் உயரமும் வேறு. ஒரு நேரத்துச் சூட்டை மாற்றும்போது இரண்டையும் சரிசெய்ய வேண்டும், ஏற்ற இறக்கத்தை மாற்றும்போது படியின் உயரத்தை மட்டும் சரிசெய்தால் போதும். தோட்டக் கையேடுகளில் இந்த இரண்டும் கலந்து கிடக்கும். "80க்கு வந்ததும் விதை" என்பது ஒரு வகை, "10 பாகை குறையட்டும்" என்பது மற்ற வகை. எண்ணைப் போனில் தட்டுவதற்கு முன் வசனத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

போன் இல்லாமல் செய்ய இது போதும். செல்சியஸிலிருந்து பாரன்ஹீட்டுக்கு: இரட்டிப்பாக்கு, அதில் பத்திலொன்றைக் கழி, 32ஐக் கூட்டு. 30 என்றால் 60, 54, 86. இது தோராயம் இல்லை, சரியான கணக்கே இதுதான். மறுபக்கம் வருவதற்கு: 32ஐக் கழி, பாதியாக்கு, அந்தப் பாதியில் பத்திலொன்றைச் சேர். 80 என்றால் 48, 24, அதோடு 2.4 சேர்த்து 26.4. போன் 26.7 சொல்லும். விதை போட இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

தசமங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 80 முதல் 85 என்று எழுதியவர் ஒரு முழு எண்ணை வசதிக்காக எடுத்து எழுதியவர், 26.7இல் முளைக்கும் 26.2இல் முளைக்காது என்று கண்டு எழுதியவரில்லை. மாற்றியவுடன் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் வந்து நிற்பதால் அந்த அளவு கூடத் துல்லியமாகிவிடாது. 27 முதல் 29 என்று எழுதிக்கொள்ளுங்கள். சலாதுக்கு 16 முதல் 21.

சுவரில் 31 என்பது காற்று. பக்கற்றில் 80 என்பது மண். அதைப் பிறகு எழுதுகிறேன், நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் விட வேண்டும்.

பெப்ரவரி 8, இரவு

நாற்றுக் கொட்டில் தூணில் நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: 10க்கு 50, 15க்கு 59, 20க்கு 68, 25க்கு 77, 30க்கு 86, 35க்கு 95, 40க்கு 104. செல்சியஸ் ஐந்து ஐந்தாக ஏற, மற்றது ஒன்பது ஒன்பதாக ஏறுகிறது. இடையில் வருவதைக் கண்மதிப்பில் பிடிக்கலாம். எண்களைத் திருப்பிப் போட்டால் கிட்டத்தட்டச் சரியாக வரும் சோடிகளும் இரண்டு உண்டு: 16க்கு 61, 28க்கு 82. மட்டக்களப்பில் 28ஐ மறக்கவே முடியாது, வருடத்தில் பாதி நாள் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

பெப்ரவரி 10

கல்முனையிலிருந்து ஒருவர், இரட்டிப்பாக்கி 30ஐக் கூட்டினால் போதுமே, ஏன் இந்தப் பத்திலொன்று என்று கேட்கிறார். குளிர்நாட்டுக்காரருக்குப் போதும். 10 பாகையில் அது அச்சொட்டாகச் சரி, 50 வரும். அங்கிருந்து மேலே போகப் போக விலகும். 24க்கு 78 என்று சொல்லும், உண்மையில் 75. 35க்கு 100 என்று சொல்லும், உண்மையில் 95. நமது பகலும் இரவும் முழுக்க அந்த விலகல் இருக்கிற பக்கத்தில்தான் விழுகின்றன. தக்காளிப் பூ நிற்பதும் உதிர்வதும் இரவு 75ஐ ஒட்டித்தான் என்று அமெரிக்கக் கையேடுகள் சொல்லும்போது, மூன்று பாகை பிழைத்தால் முடிவே மாறிவிடும். பத்திலொன்றைக் கழிக்க ஒரு மூச்சு நேரம்தான் கூட.

பெப்ரவரி 11

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், செங்கலடியிலிருந்து, மறுபக்கக் கணக்கைத் திருத்தமாக முடித்துத் தந்திருக்கிறார். பாதி, பாதியில் பத்திலொன்று, அதோடு பாதியில் நூறிலொன்று. 48க்கு 24, 2.4, 0.24. கூட்டினால் 26.64. இன்னும் வேண்டுமென்றால் ஆயிரத்திலொன்று. சேருக்கு நன்றி. விதை போடுகிறவர்களுக்கு இரண்டாவது படியோடு நிறுத்தினால் காணும். மூன்றாவது படி தேவைப்படும் ஒரு வேலை இருக்கிறது, அதுபற்றி எழுதுவேன்.

பெப்ரவரி 15

மண் விஷயம். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமான எழுவான்கரை மணலில் தோட்டம் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் ஒருமுறை தாங்களே பார்க்க வேண்டும். இறைச்சி வேகிறதா என்று குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானி ஒன்று போதும், சமையல் சாமான் கடைகளில் கிடைக்கிறது. விதை கிடக்கப்போகும் ஆழத்துக்கு, ஒரு விரற்கட்டை அளவுக்கு ஊசியை இறக்கிவிட்டு எண் ஏறி நிற்கும்வரை பொறுங்கள். காலை ஏழு மணிக்கு என் பாத்தியில் 25, 26 காட்டும். வெயில் நேரே விழும் அதே இடத்தில் மதியம் ஊசியை வைத்தால் 40ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும், மேல்மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. பக்கத்தில் கிடுகு நிழலில், தும்புச்சோறு (தேங்காய்த் தும்பின் தூள்) நிரப்பி ஈரச்சாக்கு மூடிய தட்டில் அதே மதியம் 29, 30. மூன்றும் ஒரே வளவு, ஒரே நாள். சுவரில் தொங்குகிற வெப்பமானிக்கு இந்த மூன்றில் ஒன்றும் தெரியாது.

ஆகவே தங்கச்சியின் கொச்சிக்காய்க்கு நிழல் தட்டே சரியான இடம், மதியத்திலும் பக்கற் கேட்கிற 27 முதல் 29ஐ ஒட்டியே அங்கே நிற்கிறது. அமெரிக்காவில் இதற்காகத் தட்டின் கீழே மின்சாரப் பாய் விரித்துச் சூடாக்குகிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை, வெயிலை மறைத்தால் போதும்.

சலாது வேறு கதை. பல சலாது வகைகளின் விதை, மண் 80 பாரன்ஹீட்டைத் தாண்டினால், அதாவது 27க்கு மேலே போனால், உயிரோடு இருந்தும் முளைக்காமல் படுத்துவிடும். விதை செத்துவிட்டது என்று நினைத்து இன்னொரு பக்கற் போடுவார்கள், அதுவும் படுத்துவிடும். விதை நீரை உறிஞ்சி ஊறுகிற முதல் சில மணித்தியாலங்களில்தான் இந்தச் சூடு அதைத் தாக்குகிறது. அதனால் மாலையில் விதையுங்கள், ஊறும் நேரம் இரவோடு போகட்டும். நான் ஈரத் துணியில் சுற்றி ஓர் இரவு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போடுகிறேன், முளைப்பு நன்றாக இருக்கிறது. ஆழப் புதைக்கவும் வேண்டாம், அதற்கு வெளிச்சமும் வேண்டும். மேலே மெல்லத் தூவி உள்ளங்கையால் அமர்த்திவிட்டால் சரி. பங்குனி பிறந்த பிறகு சலாது விதைக்கப் போவதென்றால் யோசியுங்கள்.

மார்ச் 3

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரும்போக அறுவடை முடிந்து வைக்கோல் குவிந்திருக்கிற நேரம் என்பதால் இதையும் எழுதுகிறேன். வவுணதீவிலிருந்து ஒரு தம்பி, கூட்டெருக் குவியல் 131 பாகைக்குப் போக வேண்டும் என்று வாசித்தாராம், 131 என்றால் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடுமே என்று கேட்கிறார். தம்பி, அது பாரன்ஹீட். 55 செல்சியஸ். களைவிதையும் நோய்க்கிருமியும் அழிய அந்தச் சூடு குவியலின் நடுவில் குறைந்தது மூன்று நாள் தொடர்ந்து நிற்க வேண்டும் என்பது வழக்கமான அளவு.

131 ஏன் இப்படி ஒரு விசித்திர எண்ணாக இருக்கிறது என்று பாருங்கள். முதலில் 55 என்று இருந்து, அதை மாற்றினார்கள், 131 வந்தது. வாசிக்கும்போது ஓர் எண் முரண்டுபிடித்துக்கொண்டு நின்றால் அது மாற்றப்பட்ட எண் என்று எடுத்துக்கொண்டு, பின்னாலிருக்கிற முழு எண்ணைத் தேடுங்கள். 21.1 முதல் 26.7 என்று ஓர் இடத்தில் கண்டால் அது 70 முதல் 80. எழுதியவர் எவ்வளவு இறுக்கமாகச் சொல்ல நினைத்தார், எவ்வளவு தாராளமாகச் சொல்ல நினைத்தார் என்பது முழு எண்ணில்தான் தெரியும்.

குவியலில் மேல் எல்லையும் உண்டு. 160 பாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் வந்தால் வேலை செய்கிற நுண்ணுயிர்களே சாகத் தொடங்கும். 65ஐத் தாண்டும்போதே புரட்டிவிடுங்கள். நீளமான கம்பி வெப்பமானி இல்லாதவர்கள் இரும்புக் கம்பி ஒன்றை நடுவில் இறக்கி, சற்று நேரம் கழித்து இழுத்துப் பிடித்துப் பார்ப்பார்கள். கையில் வைத்திருக்க முடியாமல் சுட்டால் 55 பக்கம் வந்திருக்கிறது. எங்கள் பெரியப்பா கடைசிவரை கம்பியோடுதான் நின்றார், அவர் எரு குறை சொல்ல முடியாத எரு.

மார்ச் 19

காத்தான்குடி ராத்தா ஒருவர் எழுதியதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது நாளைக்கு யார் வீட்டிலும் நடக்கலாம். நாற்று அழுகாமல் இருக்க மண்ணைச் சூடாக்கிக் கிருமி நீக்கலாம் என்று மகள் எங்கோ வாசித்திருக்கிறா: 180 பாகையில் 30 நிமிடம். வீட்டு ஓவனின் குமிழில் 180 இருக்கிறது, கேக் சுடுகிற அதே 180. திருப்பிவிட்டாச்சு. தும்புச்சோறும் எருவும் கலந்த தட்டு கருகி, வீடெல்லாம் புகைநாற்றம், திரைச்சீலை கழுவிப் போட்டும் போகவில்லையாம்.

அந்த 180 பாரன்ஹீட். செல்சியஸில் 82. இந்த எண் ஆபத்தானது எதனால் என்றால், மாற்றாமல் விட்டாலும் நம் வீட்டு ஓவனில் அது பழக்கமான எண்ணாக இருப்பதால்தான். 350 என்று இருந்தால் யாரும் ஒரு கணம் நின்று யோசிப்பார்கள். 180 யோசிக்க விடாது.

அதோடு 82 என்பது ஓவனின் சூடு இல்லை, மண்ணின் நடுவில் ஊசி காட்ட வேண்டிய சூடு. மண்ணை ஈரமாக்கி, தட்டைத் தகட்டுத்தாளால் மூடி, குமிழைச் செல்சியஸ் 95 பக்கம் வைத்து, ஊசியில் 82 வந்த பிறகுதான் அந்த 30 நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். கூடச் சூடாக்கினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கொதிநிலைக்கு மேலே போனால் மண்ணிலுள்ள மங்கனீசும் அமோனியாவும் நாற்றைத் தாக்குகிற அளவுக்கு வெளிவரும், பிறகு இலை ஓரம் காய்ந்து நாற்றுப் போகும்.

ராத்தா மகளைத் திட்ட வேண்டாம். பாரன்ஹீட் என்று ஒரு சொல் போடாமல் எழுதியவர்தான் திட்டு வாங்க வேண்டியவர்.

மார்ச் 20

நேற்றைய குறிப்பைப் பார்த்துவிட்டு, ஓவன் இல்லாதவர்கள் என்ன செய்வது, "மறுகா எங்கட பாடு?" என்று மூன்று நான்கு பேர். வெயில் இருக்கிறது. கச்சான் காற்று தொடங்கட்டும், எழுதுகிறேன்.

ஏப்ரல் 5

கணித சேரின் மூன்றாவது படி தேவைப்படும் வேலை இதுதான்: விதையை வெந்நீரில் வைத்து நோய் நீக்குவது. தக்காளிக்கும் கத்தரிக்கும் 122 பாரன்ஹீட்டில் 25 நிமிடம். கொச்சிக்காய்க்கு 125இல் 30 நிமிடம். 122 என்றால் சரியாக 50. 125 என்றால் 93, அதில் பாதி 46.5, பத்திலொன்று 4.65, நூறிலொன்று 0.465, எல்லாம் சேர்த்து 51.6. இரண்டாவது படியோடு நிறுத்தினால் 51 என்று வரும், அரைப் பாகை குறைந்துவிடும். விதைக்கும்போது கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொன்ன அதே ஆள்தான் இப்போது அரைப் பாகைக்குச் சண்டை பிடிக்கிறேன். காரணம், இங்கே விதைக்குள்ளிருக்கிற பற்றீரியா சாக வேண்டும், விதை சாகக் கூடாது. இரண்டுக்கும் இடையில் இருக்கிற இடைவெளி மிக ஒடுக்கம். குறைந்தால் நோய் தப்பும், 54, 55 வந்தால் விதை போய்விடும்.

நான் செய்கிற விதம்: வாயகன்ற சுடுநீர் பிளாஸ்க் ஒன்று. விதையை மெல்லிய பருத்தித் துணியில் இளக்கமாக முடிந்து, முதலில் 38 பாகை இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் வைக்கிறேன், 100 பாரன்ஹீட் என்று எழுதியிருப்பார்களே, அது. பிறகு பிளாஸ்கில். ஊசி வெப்பமானியைக் கூடவே இறக்கி வைத்து, தக்காளி, கத்தரி என்றால் எண் 49.5க்கு விழுந்ததும் கெற்றிலிலிருந்து ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்க வேண்டும். முடிச்சின் மேலே நேராக ஊற்றக் கூடாது, பிளாஸ்கின் ஓரமாக விட வேண்டும். முடிச்சு மிதந்துகொண்டே வரும், கரண்டியால் அமிழ்த்திப் பிடியுங்கள், மேலே மிதக்கிற விதைக்குச் சூடு போய்ச் சேராது. நேரம் முடிந்த கணமே குளிர்ந்த நீரில் போட்டு எடுத்து, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

பழைய விதைக்கு இதைச் செய்ய வேண்டாம், தாங்காது. போஞ்சி, பயிற்றை, பூசணி, வெள்ளரி போன்ற பெரிய விதைகளுக்கும் வேண்டாம்.

ஏப்ரல் 7

வெப்பமானியே பிழை சொன்னால் என்ன செய்வது என்று திருக்கோவிலிலிருந்து கேட்டது மிகச் சரியான கேள்வி. 51.6க்குச் சண்டை பிடித்துவிட்டு கருவி இரண்டு பாகை தள்ளி நின்றால் எல்லாம் வீண். பனிக்கட்டியை நொறுக்கி கோப்பை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பத் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஊசியை நடுவில் பிடியுங்கள், பக்கத்தில் முட்டக் கூடாது. 0 அல்லது 32 காட்ட வேண்டும். அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் 100 அல்லது 212. கடல்மட்டத்தில் இருப்பதால் இந்த இரண்டாவது சோதனை நமக்குச் சரியாக வரும். உயர்ந்த மலையிலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அங்குள்ளவர்கள் கருவியை வீணாகச் சந்தேகப்படுவார்கள்.

ஏப்ரல் 12

காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியை மண்ணில் குத்தலாமா? வேண்டாம். கண்ணாடிக் குழாய் என்றால் அதன் எல்லையே 94 முதல் 108 பாரன்ஹீட் வரைதான், நமது காலை மண்ணே அதற்குக் கீழே. ஏறிய அளவிலேயே நிற்கும், உதறினால்தான் இறங்கும். உடைந்தால் பாதரசம் மண்ணில் சிந்தும், அந்த மண்ணில் பிறகு கீரை வைக்க முடியாது.

இதே கேள்வியோடு வந்த இன்னொன்று: பிள்ளைக்குக் காய்ச்சல் 102 என்கிறோம், வெயில் 34 என்கிறோம், ஒரே வீட்டில் ஏன் இரண்டு? வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் மருந்துப் பெட்டியில் தங்கிவிட்டது, வானிலை அறிவிப்பு செல்சியஸுக்குப் போய்விட்டது. பாரன்ஹீட் 1724இல் தன் அளவுகோலை வெளியிட்டார், டான்சிக்கில் பிறந்தவர், இரச வெப்பமானியைச் செம்மையாகச் செய்து காட்டியவர். சுவீடனில் செல்சியஸ் 1742இல் வைத்த அளவுகோல் தலைகீழானது: கொதிக்கிற தண்ணீர் 0, உறைகிற தண்ணீர் 100. அவர் 1744இல் இறந்துவிட்டார், அதன் பின்தான் அது திருப்பப்பட்டது. திருப்பி வைத்துப் பயன்படுத்திய முதல் ஆட்களில் ஒருவர் தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ், உப்சாலாவில் தன் தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்துக்காக. இன்று நாம் வைத்திருக்கிற 0 கீழே, 100 மேலே என்ற வரிசை நாற்று வளர்த்த ஒருவரின் கையிலும் இருந்து வந்தது என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

மே 6

விதை சேமிப்பு. இதில் ஒரு விதி இருக்கிறது, பாரன்ஹீட்டில் மட்டும்தான் அது வேலை செய்யும். ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை விஞ்ஞானியின் விதி: விதை வைத்திருக்கும் இடத்தின் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத வீதத்தையும் கூட்டினால் 100க்குள் நிற்க வேண்டும். வெப்பநிலை பாரன்ஹீட்டில்.

நமது வீட்டு அலுமாரியை எடுங்கள். 29 செல்சியஸ், ஈரப்பதம் 70. அப்படியே கூட்டினால் 99, அப்பாடா என்று விதையை அங்கேயே விட்டுவிடுவோம். 29ஐ மாற்றினால் 84. 84உம் 70உம் 154. அடுத்த போகத்துக்குள் வெங்காய விதை பாதிக்கு மேல் போய்விடும். மாற்றும் சூத்திரம் தெரிந்தவர்கள் கூட இங்கே விழுவார்கள், ஏனென்றால் இரண்டு எண்ணைக் கூட்டு என்று சொல்லும்போது அலகைக் கேட்க யாருக்கும் தோன்றாது.

பிரிட்ஜின் உள்ளே 4 பாகை, அதாவது 40. நன்றாக உலர்ந்த விதையை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டு, வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து அடியில் வைத்தால் போத்தலுக்குள் ஈரப்பதம் 50க்குக் கீழே நிற்கும். கூட்டினால் 90. எடுக்கும்போது போத்தலை அறைச்சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வையுங்கள். குளிர்ந்த போத்தலைத் திறந்தால் நமது காற்றிலுள்ள ஈரம் முழுவதும் விதையின் மேலே வியர்த்துவிடும், சேமித்ததில் பாதி அங்கே போகும்.

அவரது இன்னொரு விதி: 10 பாகை குறையும் ஒவ்வொரு முறையும் விதையின் ஆயுள் இரட்டிக்கும். இது வித்தியாசம், ஆகவே ஐந்தரை செல்சியஸ். மைனஸ் 12 இல்லை. பெப்ரவரி 8ஐப் பாருங்கள்.

ஜூன் 14

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. தக்காளிப் பூ உதிர்கிறது என்று ஒரே நாளில் வந்த கேள்விகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரு பதில்.

தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையின் அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. பகல் 35, இரவு 26. பாரன்ஹீட்டில் 95, 79. பெருங்காய்த் தக்காளிக்குக் கையேடுகள் சொல்கிற எல்லை பகல் 90, இரவு 75. இரண்டுமே தாண்டிவிட்டன. மகரந்தம் உயிர்ப்பில்லாமல் போகிறது, பூ காம்போடு கழன்று விழுகிறது. பசளை போட்டுத் தீர்க்க முடியாது, மருந்து அடித்தும் தீர்க்க முடியாது. பகலை நிழல்வலையால் இரண்டு மூன்று பாகை இறக்கலாம். இரவை இறக்க நம் கையில் ஒன்றுமில்லை. அதனால்தான் இரவு எண்ணையே பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எல்லோரும் பகல் வெயிலை மட்டும் பார்க்கிறார்கள்.

நாட்காட்டியைத்தான் மாற்ற வேண்டும். கார்த்திகையில் மழைக்கு மறைப்புக் கட்டி நாற்றுப் போட்டு, மார்கழிக் கடைசியில் நட்டால், பூக்கிற நேரம் தை, மாசி. அப்போது இரவு 23 பக்கம், 73 பாரன்ஹீட், எல்லைக்குள் வந்துவிடும். இப்போதே தக்காளி வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் சின்னக் குலைத் தக்காளி வையுங்கள், அது ஓரளவு தாங்கும். பெருங்காய் இனத்தோடு ஆடி மாதத்தில் போராடி மனமுடைந்து தோட்டத்தையே விட்டவர்களைத் தெரியும், அது எனக்கு மிகவும் கவலையான விஷயம்.

ஜூன் 15

பக்கற்றின் பின்னால் "வலயம் 5 முதல் 9" என்று வரைபடம் போட்டிருப்பது வெப்பநிலைதான், ஆனால் வருடத்தின் மிகக் குளிரான இரவின் சராசரி மட்டும். ஒவ்வொரு வலயமும் 10 பாரன்ஹீட் அகலம், கடைசி வலயம் 13, அது 60 முதல் 70, அதாவது 16 முதல் 21 செல்சியஸ். குளிரில் செடி சாகுமா என்று பார்க்க அமெரிக்கர்கள் செய்தது. வெயிலில் சாகுமா என்பதை அது சொல்லாது. நம் ஊரில் அந்தப் படத்தைத் தாண்டிப் போய் மண் அளவைப் படியுங்கள்.

ஜூலை 22

மார்ச்சில் சொல்லி வைத்த வெயில் வேலை. பாத்தியைக் கொத்தி, கல் கட்டி எடுத்து மட்டமாக்கி, நன்றாக நனைத்து, மேலே நிறமில்லாத மெல்லிய பொலித்தீனை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரமெல்லாம் மண் போட்டு மூடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம். மேல் மண் 110 முதல் 125 பாரன்ஹீட்டுக்கு ஏறும், 43 முதல் 52. ஓவனின் 82 இதில் வராது, வரத் தேவையுமில்லை, அங்கே அரை மணித்தியாலத்தில் செய்வதை இங்கே குறைந்த சூடு வாரக்கணக்கில் நின்று செய்கிறது. கறுப்புப் பொலித்தீன் வேண்டாம், சூட்டைத் தன் மேலேயே வைத்துக்கொள்ளும், மண்ணுக்குப் போகாது. நனைக்காமல் மூடினாலும் பயனில்லை, ஈர மண்ணில்தான் சூடு கீழே இறங்கும்.

விரிப்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஊசியை ஓர் ஓரத்தால் நுழைத்துப் பார்த்துவிட்டு அந்த ஓட்டையை உடனே ஒட்டிவிடுங்கள்.

ஓகஸ்ட் 30

சம்மாந்துறையிலிருந்து இனிப்புச் சோளம் போட்ட ஒருவர். அவரிடமிருக்கிற அமெரிக்கக் கையேட்டில் அறுவடைக்கு 1,800 வெப்ப அலகு வேண்டும் என்று இருக்கிறதாம், அதைச் செல்சியஸுக்கு மாற்ற 1,800இலிருந்து 32ஐக் கழித்து வகுத்து 982 என்று எழுதி அனுப்பியிருக்கிறார். 32ஐத் தொட வேண்டாம் அண்ணன். இந்த அலகு ஒவ்வொரு நாளும் 50 பாகைக்கு மேலே எவ்வளவு சூடு கிடைத்தது என்று சேர்த்துக்கொண்டு போகிற கணக்கு, முழுக்க வித்தியாசங்களின் கூட்டு. 1.8ஆல் வகுத்தால் சரி: 1,000.

நாளாந்தக் கணக்கு இப்படி. பகல் உச்சத்தையும் இரவுத் தாழ்வையும் கூட்டிப் பாதியாக்கி 10 செல்சியஸைக் கழிக்க வேண்டும். உச்சம் 30ஐத் தாண்டினால் 30 என்றே போட வேண்டும், அதற்கு மேலே சோளம் வேகமாக வளர்வதில்லை. நம் நாள் 33உம் 24உம் என்றால், 30உம் 24உம் 54, பாதி 27, கழித்தால் 17. ஆயிரத்தை 17ஆல் வகுத்தால் 59 நாள். பக்கற்றில் 75 நாள் என்று போட்டிருக்கிறது என்கிறீர்கள், அது அவர்களுடைய குளிர் இரவுகளுக்கு. 75 வரை காத்திருந்தால் மணி முற்றி மாவாகிவிடும். ஐம்பதைத் தாண்டியதுமே பொத்தியின் நூலைப் பாருங்கள். நூல் பழுப்பாகிக் காய்ந்திருந்தால் மடலை மேலே கொஞ்சம் கிழித்து நகத்தால் ஒரு மணியைக் கிள்ளுங்கள். தண்ணீராக வந்தால் இரண்டு நாள் பொறுங்கள், பாலாக வந்தால் அன்றைக்கே முறியுங்கள்.